இரண்டு டப்பா லேகியம்

எங்களுக்குக் குழந்தை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பத்தியில் தொட்டில் ஆடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். என்னென்னவோ பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொண்டோம். நான் சொல்ல வந்தது, ஒரு வீட்டில் பிள்ளை பிறக்காவிட்டால் அந்தக் குறை யார் தலையில் விழுகிறது என்பதை. எங்கள் வீட்டில் அது வருடக்கணக்கில் என் தலையில் இருந்தது. அது இறங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் கணவருக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. சுற்றுப்பட்டித் தோட்டங்களிலிருந்து விடியலில் வரும் மல்லிகையை வாங்கிப் பெட்டி போட்டு வெளியூருக்கு அனுப்புவார். நான் டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமனார் இறந்துவிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் பிள்ளைப் பேச்சு வந்தால் மட்டும் அவர் கண் நேராக என் வயிற்றுக்குத்தான் போகும். அதில் தன் மகனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

கல்யாணமான மறு வருடமே வேண்டுதல்கள் ஆரம்பித்துவிட்டன. கோயில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டினேன். அரசமரத்தைச் சுற்றினேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா தங்கள் மாதா கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து தந்தார், அதையும் அடிவயிற்றில் தடவிக்கொண்டேன். எந்தச் சாமி கண்ணைத் திறந்தாலும் சரி என்றிருந்தது. சுற்றியது, தடவியது, பட்டினி கிடந்தது எல்லாம் நான். என் கணவர் தன் பங்குக்கு, சாமிக்குப் போடும் மல்லிகையை நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே இவரைத்தான் பரிசோதிக்க வேண்டும் என்றார். அதுதான் வலியில்லாதது, சீக்கிரம் முடிவதும் அதுதான் என்றார். இவருக்குப் பூ வரத்து, முகூர்த்தச் சீசன், ஆள் இல்லை என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. அதற்குள் எனக்கு ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படம் பிடிக்கிற அந்தப் பரிசோதனையும் முடிந்துவிட்டது. அந்த வலியை நான் யாருக்கும் விவரித்ததில்லை. என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகுதான் இவர் போனார். அணுக்களின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு, இருப்பவற்றுக்கும் வேகம் போதாது என்று முடிவு வந்தது.

திரும்பி வரும்போது வண்டியை ஒரு கரும்புச்சாறு கடையில் நிறுத்தினார். இரண்டு டம்ளர் வாங்கி, தன்னுடையதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்," என்றார்.

சரி என்றேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்ல முடியும்? அந்தக் கொஞ்ச நாள் போய்க்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்களின் வளைகாப்புகளில் சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். நான் பந்தி பரிமாறப் போய்விடுவேன். எல்லாம் தெரிந்தும் இவர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அப்போதெல்லாம் இவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போகும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பாவமாக இருக்கும்.

மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். இவருடையதைச் சுத்தம் செய்து மெல்லிய குழாய் வழியாக எனக்குள் செலுத்தியும் பார்த்தார்கள், கரு நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அத்தை யாரிடமோ விசாரித்து, தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் என்னை அழைத்துப் போனார். வைத்தியர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கட்டியவர் வரவில்லையா என்று கேட்டார். அவனுக்கு வேலை என்றார் அத்தை. வைத்தியர் உள்ளே போய் இரண்டு டப்பா லேகியம் கொண்டுவந்து வைத்தார். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, அது எனக்கு. பச்சை மூடி அவருக்கு.

"ஏனுங்க அம்மணி, ரெண்டு பேரும் சாப்பிடோணுங்க. ஒருத்தர் மட்டும் சாப்பிட்டாப் பிரயோசனம் இல்லீங்க," என்றார். பத்தியமும் சொன்னார். புளி, கருவாடு, மீன், கத்தரிக்காய் எதையும் தொடக் கூடாது.

மறுநாள் காலையே சிவப்பு மூடி திறந்தாகிவிட்டது. பச்சை மூடி ஃப்ரிட்ஜின் தலைக்குப் போனது. அவனுக்கென்ன, கல்லுப் போல இருக்கிறான் என்று அத்தை சொல்லிவிட்டார். என் தட்டுக்குத் தனிச் சமையல் ஆரம்பமானது, புளியில்லாத பருப்பும் மோரும். இவர் தினமும் தண்ணீர்ப் பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்பார். டப்பா இவர் கண்ணுக்கு நேராக இருக்கும். பார்த்தும் பார்க்காதது போலக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

லேகியத்திலும் ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா சோதனைக் குழாய்க் குழந்தை முறைக்குப் போகலாம் என்றார். இவருடைய அணுவில் ஒன்றை எடுத்து என் கருமுட்டைக்குள் அவர்களே செலுத்திவிடுவார்களாம். அதற்கு ஒரே மாதத்தில் நிறைய முட்டைகள் வளர வேண்டும், அதற்குத் தினம் ஊசி. அந்த நாட்களில் நாட்டு மருந்து எதுவும் கூடாது என்று லேகியத்தை நிறுத்தச் சொன்னார். பத்தியத்தை மட்டும் அத்தை விடவில்லை. ஆக, குறை அவருக்கு, ஊசி எனக்கு. இதை நான் சொன்னபோது டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

ஊசி மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் இவருக்கு உயிர் வந்துவிட்டது. குளிர்ச்சியில் வைப்பதுதானே இவர் தொழில். நம் வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, கரண்ட் போகும், அம்மா நாலு தடவை திறப்பார் என்று சொல்லி, கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தார். கடை ஃப்ரீசரில் கல்லாக உறைந்த ஐஸ் பாக்கெட்டுகளைத் தினமும் மாற்றி அடுக்கினார். மல்லிகை மொட்டு என்றால் ஐஸ் பட்டுக் கருகாமல் இருக்க முதலில் தாள் சுற்றுவார். மருந்து கண்ணாடிக்குள்தானே இருக்கிறது என்று இதற்குத் தாள் சுற்றவில்லை.

ஊசி போடவும் நர்ஸிடம் கற்றுக்கொண்டார். தினமும் சாயங்காலம் மருந்தை வெளியே எடுத்து, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில்லென்று போனால் உனக்கு வலிக்கும் என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பக்கத்தில் நாங்கள் இருந்ததில்லை. அந்தச் சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்கேனில் முட்டைகள் வளரவே இல்லை. அளவைக் கூட்டிப் பார்த்தும் அப்படியே இருந்தன. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மருந்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இவர் கொஞ்சம் பெருமையாகவே பெட்டியையும் ஐஸையும் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் வைத்திருந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கியது. உறைந்துபோயிருந்த மருந்து கரைவதற்காகத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி போதும், ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த மருந்துக்கு வேலை செய்கிற சக்தி போய்விடும் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வரும் வழியில் கரும்புச்சாறு கடை இருந்தது. வண்டி நிற்கவில்லை.

வீட்டில் அத்தை என்ன ஆயிற்று என்று கேட்டார். முட்டை வளரவில்லை என்று மட்டும் சொன்னேன். இவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். இவள் உடம்பு எந்த மருந்தையும் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறதே என்று அத்தை பெருமூச்சு விட்டார். அதைக் கேட்டும் இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விரால் மீன் குழம்பு. நான் குளித்துவிட்டு வந்தபோது சாப்பாட்டு மேசையில் சிவப்பு மூடி டப்பாவும் ஒரு ஸ்பூனும் இருந்தன. ஊசிதான் முடிந்துவிட்டதே, மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார் அத்தை. எனக்குத் தனியாக வைத்த பருப்பும் தயாராக இருந்தது. ஸ்பூனைக் கையில் எடுத்தேன்.

இவர் எழுந்து ஃப்ரிட்ஜிடம் போனார். பச்சை மூடி டப்பாவை எடுத்துத் தூசியை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூடி இறுகியிருந்தது, திறக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். அத்தை சிரித்துக்கொண்டே, உனக்கெதற்கு அது என்று கேட்டார்.

"எனக்குத்தாம்மா அது வேணும். கொறை எங்கிட்டதான் இருக்கு. இவகிட்ட ஒண்ணும் இல்ல, டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. இந்தத் தடவை மருந்தைக் கெடுத்ததும் நாந்தான். ஐஸ்ல வச்சு உறைய விட்டுட்டேன்."

அத்தை அகப்பையைக் கீழே வைத்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா ஒனக்குத் தெரியுமா தாயி?"

"தெரியும். நாந்தான் சொல்ல வேணாம்னேன்," என்றார் இவர். பிறகு லேகியத்தை வாயில் போட்டு, கசப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை எழுந்தார். என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி வைத்தார். என் தட்டில் போட்டிருந்த பருப்புச் சோற்றை அப்படியே எடுத்து மகன் முன்னால் வைத்தார். மகனுக்குப் போட்டிருந்த தட்டை என் பக்கம் நகர்த்தி, சட்டியைத் துழாவி நடுத்துண்டாக எடுத்துப் போட்டுக் குழம்பை ஊற்றினார்.

எனக்கு அழுகை வந்தது. துக்கம் கொஞ்சம், கோபம்தான் அதிகம். லேகியத்தை வாயில் போடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாரே, இதற்கா இத்தனை வருடம் என்று ஆத்திரமாக வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். புளிக்குழம்பு நாக்கில் பட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

இவர் தலையைத் தூக்காமல் அந்த உப்புச் சப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மீனில் ஒரு துணுக்குகூட நான் அவருக்குக் கொடுக்கவில்லை.