ஓட்டில்லாதவள் எண்ணிய ஓட்டுகள்

பீடோங் சந்தைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்த முதல் வாரம் என் கணவர் சேகர் என்னை அங்கே அழைத்துப்போனார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவரிடம் "பாஸ், தே தாரிக் ரெண்டு" என்று டீ சொன்னார். அவரும் "சரி பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லாவில் இருந்தவரை இவர் பாஸ் என்றார், அவர் இவரைப் பாஸ் என்றார். வெளியே வந்ததும், "இதில் யார்தான் முதலாளி?" என்று கேட்டேன். சேகர் சிரித்தார். "இங்க எல்லாரும் பாஸ்தான்லா." எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது ஒருவர் பிறக்கும்போதே முடிவாகியிருக்கும். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாரையும் ஆள முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று கண்டுகொள்ளப் பதினோரு வருடம் ஆயிற்று.

நாங்கள் இருக்கும் தாமான், அதாவது குடியிருப்பு, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியது. ரப்பர் மரங்களை வெட்டியபோது தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை விட்டு வெளியேறியவர்கள்தான் இங்கே பெரும்பாலும். அவர்கள் வரும்போது சட்டி பானைகளோடு தங்கள் மரண சகாய சங்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் போட கெமா என்கிற கூடாரம், நாற்காலிகள், சமைக்க அண்டாக்கள், பாடை கட்ட ஆள் என்று எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ளும். வருடம் ஒருமுறை பாலாய் ராயா எனப்படும் பொது மண்டபத்தில் கூட்டம் நடக்கும். கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சங்கத்தின் விதிப்படி குடிமக்கள்தான் உறுப்பினராகலாம். என்னிடம் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை. அதனால் பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

முதல் கூட்டத்தில் இரண்டு பேர் போட்டியிட்டு, காரசாரமாகப் பேசி, முடிந்ததும் ஒரே மேசையில் மீகூன் சாப்பிட்டார்கள். வாய் பிளந்து பார்த்தேன். மூன்றாவது வருடம் போட்டியே இல்லை. லோரி வைத்திருந்த பரமசிவம் அண்ணன் எழுந்தார், எல்லோரும் கைதட்டினார்கள், முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் செல்வத்திடம், "என்னங்க, அன்னபோஸ்ட்டா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "போஸ்ட் ஆபிசா அக்கா? டவுன்லதான் இருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கிழம, மூடியிருக்கும்."

ஊரில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. போட்டியில்லாமல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு எங்கள் பக்கம் வழங்கும் பெயர் அது. எனக்குப் பதினொரு வயதில், சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மனுத்தாக்கல் செய்தார். மறுநாள் பெரிய வீட்டுக்காரர்கள் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மிரட்டவே இல்லை. அம்மா போட்ட காப்பியைக் குடித்தார்கள். "ஊரு ஒத்துமையா இருக்கணும்லா? உம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதோம்" என்றார்கள். அப்பா மனுவை வாபஸ் வாங்கினார். அன்றைக்கு ஊரே நிம்மதியாக இருந்தது. அப்பா மட்டும், பஞ்சர் எதுவும் இல்லாத ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரமசிவம் அண்ணனை அந்த மூன்று பேரோடு சேர்க்க என் மனம் இப்போதும் ஒப்பவில்லை. அவர் உழைத்தார். யார் வீட்டுச் சாவானாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய லோரிதான். நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவரே செய்ததால் மற்ற மூன்று பேரும் வீட்டில் இருந்துகொண்டார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் குறைந்தார்கள். "போன வருஷ கமிட்டியே இருக்கட்டும்லா" என்பது வழக்கமாயிற்று. லோரி, ஒலிபெருக்கி, கேட்டரிங் என்று ஆளுக்கொன்று கையில் வைத்திருந்த ஐந்து பேர்தான் கமிட்டி. கமிட்டி முன்மொழிந்தவர்தான் தேர்தலில் நிற்கலாம் என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த கொஞ்சம் பேரும் கைதூக்கினார்கள். அப்புறம் ஐவருக்குள் சண்டை வந்து மூவர் விலகினார்கள். மிஞ்சியவர்கள் பரமசிவமும் செயலாளர் செல்வமும். கெமாவும் அண்டாக்களும் இருக்கும் ஸ்டோரின் சாவி பரமசிவம் அண்ணனின் இடுப்பில். அப்புறம் கூட்டமே நடக்கவில்லை. எந்த நாளில் அவர் தலைவராக இருந்து ஆள்பவராக மாறினார் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நாள் அகப்படவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். குப்புசாமி என்ற ஓய்வுபெற்ற ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சாப்பாட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும், "தம்பி, மிட்டிங் எப்ப?" என்று பரமசிவத்திடம் கேட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்து, அடைமழைக் காலத்தில், குப்புசாமி இறந்துபோனார். தாதியாக வேலை பார்க்கும் அவர் மகள் தமிழரசி கெமா கேட்டுப் போனாள். செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டே, "கெமா எல்லாம் பெண்டாங்ல ஒரு வீட்டுக்குப் போயிருச்சும்மா" என்றார். ஸ்டோரின் கம்பிச் சன்னல் வழியே கெமாவின் நீலத் தார்ப்பாய்கள் மடித்து வைத்திருப்பது தெருவுக்கே தெரிந்தது.

வீட்டு வாசலில், மழையில், வந்தவர்கள் குடையோடு நின்றோம். பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து பாக் டின் என்பவர், சுராவ் என்கிற தொழுகைக் கூடத்தின் கெமாவை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். "பாக்காய் டூலு," முதலில் பயன்படுத்துங்கள் என்றார். இதற்குப் பதிலாக அவருக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். என்ன விளங்கிற்றோ, எனக்கு ஒரு முனைக் கம்பத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அப்போதுதான் தெருமுனையில் செல்வம் குடையில்லாமல் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். அவர் உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தோட்டத்துக் காலத்துப் பழைய விதிப்புத்தகம். "உறுப்பினருல அஞ்சுல ஒரு பங்கு கையெழுத்துப் போட்டா கூட்டம் வச்சே ஆகணும். இந்த விதிய எடுக்க மறந்துட்டோம்" என்றார். பிறகு சேகரைப் பார்த்து, "நான் பொய் சொன்னேன் அண்ணே. என் வாயாலதான் சொன்னேன்" என்றார்.

கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம். லட்சுமி அக்கா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "எங்க மாமியாருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கு நான் யாருகிட்டப் போவேன்?" முதல் பெயராக இருக்க ஒருவரும் தயாராக இல்லை. தமிழரசி ஒரு சாப்பாட்டுத் தட்டைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, பென்சிலால் வட்டம் போட்டாள். "வட்டத்த சுத்திப் போடுங்க. யாரு மொதல்ல போட்டதுன்னு யாருக்குத் தெரியும்?" இரண்டு வாரத்தில் வட்டம் நிறைந்தது. லட்சுமி அக்காவும் போட்டார்.

கூட்டத்தன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. கைதூக்கல் வேண்டாம், சீட்டில் எழுதிப் போடலாம் என்று முடிவாயிற்று. கமிட்டியில் மிஞ்சியிருந்த செல்வம் தமிழரசியை முன்மொழிய, பரமசிவமும் அவளும் போட்டியிட்டார்கள். ஆனால் யார் எண்ணுவது? இந்தப் பக்கத்து ஆளை அந்தப் பக்கம் நம்பவில்லை. சத்தம் அதிகமானபோது பரமசிவம் அண்ணனே எழுந்தார். "ஊர்க்காரம்மா எண்ணட்டும். அவங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே" என்றார். இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே ஊர்க்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். பதினோரு வருடத்தில் அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்கு வலிக்கவில்லை.

பிஸ்கட் டின்னிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்கப் படித்தேன். தமிழரசி நான்கு ஓட்டில் ஜெயித்தாள். பரமசிவம் அண்ணன் என் மேசைக்கு வந்து, "மறுபடி எண்ணும்மா" என்றார். எண்ணினேன். "சரிதானா?" "சரிதாண்ணே." சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று. மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் ஒண்ணும் புடுங்கல. இவங்களாத்தான் குடுத்தாங்க." நான் சீட்டுகளைத் திரும்ப டின்னில் போட்டு மூடினேன்.

அன்று மாலை அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். யார் ஜெயித்தது என்று அவர் கேட்கவில்லை. "எத்தன பேரு நின்னாங்க?" என்றார். "ரெண்டு பேருப்பா." "ரெண்டு பேரு நின்னாங்களா?" என்று திருப்பிச் சொன்னார்.

சங்கம் அன்றைக்கே திருந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. ஐந்து மாதம் கழித்துப் பரமசிவம் அண்ணனின் மனைவி திடீரென்று இறந்துபோனார். புதிய கமிட்டியில் ஒருவர், "கெமா பெண்டாங் போயிருச்சுன்னு சொல்லுங்கலா. அவரும் பாக்கட்டும்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் தமிழரசியின் முகத்தையே பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்படியே சொல்லி அனுப்ப ஆசையாக இருந்திருக்கும், எனக்கே இருந்தது. பிறகு, "எங்கப்பாவ மழையில வச்சிருந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஏத்துங்க" என்றாள். கெமா போய் இறங்கியபோது பரமசிவம் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். இறங்கி வந்து, எங்களோடு ஒரு கம்பத்தைப் பிடித்தார்.

சென்ற மாநிலத் தேர்தலில் சேகர் ஓட்டுப் போடப் போனார். நானும் கூடப் போய், பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். ஊரில் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இங்கே எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த சேகர் வெயிலுக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். மோட்டார் சைக்கிளில் ஏறும்போதுதான் கவனித்தேன். அவர் இடது ஆட்காட்டி விரலில் இருந்த ஈர மை என் உள்ளங்கையில் அப்பியிருந்தது. ஊரில் வைக்கும் அதே கருநீலம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. நாலைந்து நாள், நான் வேலை பார்க்கும் தடிக்கா என்கிற பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன்.