ஜுஹு மைதானத்தில் கழன்ற சக்கரம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சக்கரம் மட்டும் மறக்கவில்லை. கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, அது தன்பாட்டுக்கு நேராக ஓடியது. வேடிக்கை பார்த்த ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம்தான் கார் புரண்டது.

யுத்தம் முடிந்த பிற்பாடு, ஜுஹுவில் விமானம் இறங்கும் பாதையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பந்தயம் விடுவார்கள். பட்டாளத்தார் கழித்துப்போட்ட வண்டிகளிலிருந்து சாமான் எடுத்து, பம்பாய் ஷெட்டுகளில் பந்தயக் கார் கட்டுவது அப்போது ஒரு பைத்தியமாகவே இருந்தது. என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், மாட்டுங்காவில் ஒரு சேட்டின் ஷெட்டில் மிஸ்திரி, அதாவது மெக்கானிக். தாராவியிலிருந்து தினமும் நடந்தே வேலைக்குப் போவார். அவர் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து கட்டிய கார் அது. கதவு, மட்கார்டு எல்லாம் கழற்றி எலும்பும் தோலுமாக நிற்கும். "இது கார் இல்லளா, பட்டினி கெடந்த குதிர. அவுத்து விட்டா நிக்காது" என்பார் என்னிடம்.

அத்தானுக்கு ஒரு வழக்கம். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். இது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதான எனக்குத் தெரியாது.

பந்தயத்தன்று விடியற்காலை அக்கா பூஜைச் சாமான்களோடு என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், சூடம் காட்ட வேண்டும். அத்தான் மூன்று சக்கரத்தை முடித்து, நாலாவதன் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டிருந்தபோது வாசலில் சேட்டு வந்து கூப்பிட்டார். எழுந்து போனார். அக்கா, "ஏளா, சும்மா நிக்காம வண்டிக்குப் பொட்டு வையி" என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். மூன்று சக்கரத்தில் ஏற்கெனவே சிவப்புப் பொட்டு இருக்கிறதே, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்களே, சாமி கோபித்துக்கொள்ளாதா என்று நினைத்தேன். அந்த நாலாவது சக்கரத்தின் நட்டு ஒவ்வொன்றிலும் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். என்ன கவனமாக வைத்தேன் தெரியுமா!

அத்தான் அவசரமாகத் திரும்பி வந்தார். சக்கரங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாவற்றிலும் சிவப்பு. ஜாக்கியை இறக்கிவிட்டார்.

இரண்டாவது வளைவில் கழன்றது. வண்டி ஓட்டிய சேட்டுக்குத் தொடை எலும்பு நொறுங்கியது. அத்தான் பாதை நெடுகக் குனிந்து நட்டுகளைத் தேடிப் பொறுக்கினார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் எல்லோர் முன்னாலும், "நாந்தான் சரியா முறுக்கல" என்றார். "நாலுலயும் பொட்டு இருந்துச்சே" என்று ஷெட் ஆட்கள் பேசிக்கொண்டதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை. ஷெட் வேலை போயிற்று. பந்தயக் காரை அதற்குப்பிறகு எவரும் அவரைத் தொடவிடவில்லை. கடைசிவரை லாரி ரிப்பேர்தான்.

எனக்குக் கல்யாணமாகி செம்பூரில் குடியிருந்தபோது ஒருநாள் வந்திருந்தார். காப்பி கொடுக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அத்தான், அந்த நாலாவது சக்கரம்..." என்றேன்.

"தெரியும்ளா. நட்ட மோந்து பாத்தேன். பெயிண்டுல சந்தனம் மணக்குமா?"

டபராவைக் கீழே வைத்துவிட்டேன். "அப்பமே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சின்னப்புள்ள கைய எவன்ட்ட காட்டிக் குடுக்க? அதோட, பாத்துட்டு எறக்குனது நாந்தான. தொட்டுப் பாத்துருக்கணும்ளா." பிறகு அவரே சிரித்தார். "பொட்டு வச்சு என் சோலிய முடிச்சவ, எனக்கு ஒரு வேட்டியாவது வாங்கித் தரக்கூடாதாளா?"

அவர் சிரித்ததைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பந்தயங்களைப் பற்றி இப்போது யாரோ எழுதுகிறார்களாம். மிஸ்திரியின் கவனக்குறைவு என்று ஒரு வரி அதில் வருவதாகப் பேரன் படித்துக் காட்டினான். எந்தக் காலம், எத்தனையாவது வளைவு, சேட்டுக்கு எந்த எலும்பு, எல்லாவற்றிலும் நான் தவறியிருக்கலாம். தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த ஒரு வரியை மட்டும் என்னைக் கேட்டுத் திருத்துங்கள். அத்தானும் இல்லை, அக்காவும் இல்லை. அதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.