தண்ணீர் குடிக்காதவள்

அழகுத்தாயின் விரல்கள் தேயிலைச் செடிமேல் ஓடிக்கொண்டிருந்தன. கை நிறையக் கொழுந்து சேர்ந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்தாள். மணி பதினொன்று. விடியலில் குடித்த, பாலில்லாத கட்டன்சாயாவோடு சரி. எழுபத்தாறாம் வருஷத்தில், பள்ளிவாசல் என்ற மலையூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை நேரத்தில் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க மறைவு கிடையாது. கங்காணி சிலுவைராஜ் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

மற்றவர்களுக்கு அது பழக்கம், இவளுக்கு விஷம். இவளுக்குப் பிறவியிலேயே ரத்தக் கோளாறு. உடம்பில் நீர் வற்றினால் ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து குழாய்களை அடைக்கும். மூட்டு மூட்டாய் வலிக்கும். பத்து வருஷமாக டிஸ்பென்சரி வலி மாத்திரையைத் தின்றுதான் வேலைக்கு வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. வேலையிலிருந்து பேரை வெட்டினால், தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அதனால், நாலு நாளாகச் சிறுநீர் சிவந்து போவதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாத்திரை தீர்ந்தது. சாயங்காலம் டிஸ்பென்சரிக்குப் போனாள். நர்ஸ் இன்பமேரி அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"ஏட்டி, எத்தனை நாளா இந்த வீக்கம்?"

"நேத்துதான்க்கா."

"பொய்க்கும் ஒரு அளவு வேணும். மூத்திரம் எப்படிப் போவுது?"

அழகுத்தாய் தரையைப் பார்த்தாள். "கட்டன்சாயா கணக்கா."

"உன் ரத்தத்துக்குத் தண்ணிதாண்டி முதல் மருந்து. அதையும் குடிக்காம, இந்த மாத்திரையையும் முழுங்கி, கிட்னியக் கெடுத்து வச்சிருக்க. கீழே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கூட வர யாரு இருக்கா?"

"யாருமில்லக்கா. போனா பேரை வெட்டிருவாக."

"சொல்லாமப் போனாத்தான் வெட்டுவாக. சீட்டு தாரேன். காலைல பிரட்டுல நாலு பேர் கேக்கச் சொல்லு. எனக்கு லீவு கிடையாது, நான் வர முடியாது."

அறைக்கு வந்து ஒரு ஆளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். சொல்ல வேண்டியதை இரண்டு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லாதது அன்றைக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கூடையில்லாமல் நின்றாள்.

"என்ன மகாராணி, கூடை தூக்க ஆளு வருதோ?" என்றான் சிலுவைராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

சீட்டை நீட்டினாள். "மூத்திரத்துல ரத்தம் போவுது, கங்காணி. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நோய் லீவுன்னு எழுதுங்க."

சிரிப்பு நின்றது. அவன் தலைநிமிராமல் எழுதினான். எழுதி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டே நகர்ந்தாள்.

ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கண்டக்டர் முறைத்தார், நிறுத்தினார்.