மத்தியானத்தில் மட்டும் சுடும் ஹீட்டர்

தண்ணீர் சுடவில்லை என்று சொன்ன பெண்களைப் பொய்க்காரிகள் என்றார் அந்த எஸ்டேட் மேனேஜர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ரிங்லெட் என்ற குளிரான மலையூரில் ஹீட்டர் மாட்டிப் பிழைப்பவன். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் புது ஹீட்டர்கள் போட்டிருந்தார்கள், மலைக்குக் கீழே வெக்கையான கீழ்நாட்டில் விற்கிற அதே சின்ன வகை. இனி விறகுப் புகை வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெந்நீர் அடுப்புகளை இடித்துவிடலாம் என்பது மேனேஜரின் திட்டம். ஹீட்டர் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார். தானே மத்தியானம் போய்ப் பார்த்தாராம், கை பொறுக்கவில்லையாம்.

“அடுப்பு போயிருமேன்னு நாடகம் ஆடுறாங்க லா,” என்றார்.

மறுநாள் விடியலில் பார்வதி வீட்டுக் குளியலறையில் நின்றேன். பார்வதி தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மகளுக்கு மூச்சிழுப்பு. பள்ளி வேன் வருமுன் குளிப்பாட்ட வேண்டும், பச்சைத் தண்ணீர் பட்டால் அன்றைக்குப் பிள்ளை படுத்துவிடும். அடுப்பும் போனால் என்ன செய்வது என்று அழாத குறையாகக் கேட்டார்.

தெர்மோமீட்டரைப் பிடித்தேன். வருகிற தண்ணீர் பதினாறு டிகிரி. ஹீட்டரைத் தாண்டியதும் முப்பத்து மூன்று. உடம்புச் சூடுகூட இல்லை. குழாயைக் குறைத்தால் கொஞ்சம் சூடேறும், இன்னும் குறைத்தால் ஹீட்டரே நின்றுவிடும். ஹீட்டரில் கோளாறு இல்லை. வருகிற தண்ணீரோடு அது பதினேழு டிகிரி சேர்க்கும், அவ்வளவுதான் அதன் சக்தி. கீழ்நாட்டில் தண்ணீரே இருபத்தேழில் வருவதால் அங்கே போதும். இங்கே மத்தியானம் சுட்டதற்குக் காரணம், மலைச்சரிவில் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பைப். தண்ணீர் அதிலேயே காய்ந்து வருகிறது.

அப்போதே மேனேஜரை வரவழைத்துக் காட்டினேன். கையை நனைத்துப் பார்த்தார்.

“அப்போ மத்தியானமா குளிக்கச் சொல்லுங்க.”

பார்வதி வாசலில் நின்றார். “மத்தியானம் நாங்க மலையில நிக்கிறோம் துரை. எம்புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கா. யாரைக் குளிக்கச் சொல்றீங்க?”

நான் கையெழுத்துப் போடவில்லை. அடுப்புகள் தப்பின. பெரிய ஹீட்டர் மட்டும் வரவில்லை, லைன் வீட்டு வயரிங் தாங்காதாம். மேனேஜருடைய பங்களாவில் பெரிய டேங்க் ஹீட்டரை மாட்டியவனே நான்தான். இந்த மலைத் தண்ணீர் எப்படி வரும் என்று அவருக்கா தெரியாது?

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹீட்டர் மூடியைக் கழற்றும் முன் வருகிற தண்ணீரை அளந்து பாருங்கள். அதையும் குளிக்கிறவர்கள் குளிக்கிற நேரத்தில் அளந்து பாருங்கள், உங்களைக் கூப்பிட்டவருக்கு வசதியான நேரத்தில் அல்ல.