நகரச்சாமியின் கழுத்துக்கு ஒரு பலகை

சேவகன் பாங் செங் இருபது வருஷத்தில் எத்தனையோ கழுத்துகளில் தண்டனைப் பலகை மாட்டியிருக்கிறான். கோழி திருடிய கழுத்து, கோதுமையில் மண் கலந்த கழுத்து, ஒருதடவை சொந்த மச்சானின் கழுத்து. யாருக்கும் தயங்கியதே இல்லை. மச்சானுக்கு மாட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றைக்குத் தயங்கினான். மாட்ட வேண்டியது கோயிலில் இருக்கும் நகரச்சாமி சிலைக்கு.

ஷான்சி மாகாணத்தில் நாலு மாசமாக மழை இல்லை. சாமியும் சக்கரவர்த்தி பட்டம் கொடுத்து அமர்த்திய அதிகாரிதான். உயிரோடு இருப்பவர்களுக்கு நீதிபதி ஊ தீர்ப்பு சொல்வார், செத்தவர்களுக்குச் சாமி. மழை வரவைக்கும் வேலையைப் பார்க்காத அதிகாரியைப் பலகை மாட்டி வெயிலில் உட்கார வை என்று நீதிபதி உத்தரவு போட்டுவிட்டார்.

பாங் செங்குக்கு மழையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவன் அம்மா போன மாசம்தான் செத்துப்போனாள். தெருவில் அவளிடம் ஏச்சு வாங்காத ஆளில்லை. அவளுடைய வழக்கு இப்போது இந்தச் சாமியின் முன்னால்தான் இருக்கும்.

"ஏண்டா, உங்கம்மாவுக்குத் தீர்ப்பு சொல்லப்போறவர் கழுத்துலயா கை வைக்கப்போற?" என்று கூட வந்த சேவகன் லூ குய் சீண்டினான்.

"அப்ப நீ மாட்டு. உங்கம்மாதான் இன்னும் உயிரோட இருக்காங்கல்ல."

லூ குய்க்கு உடனே வயிற்றுவலி வந்துவிட்டது.

கோயில் முற்றத்தில் பாங் செங் பலகையைப் பூட்டினான். பூட்டும் சாக்கில் தன் தோள்துண்டை மடித்துச் சாமியின் கழுத்துக்கும் பலகைக்கும் நடுவே செருகினான். மேலே குற்றம் எழுதி முத்திரை குத்திய காகிதத்தை ஒட்டினான். நீதிபதி சொல்லாமல் அதைக் கிழிக்க எவனுக்கும் உரிமையில்லை.

அப்புறம் யாரும் நினைக்காதது நடந்தது. நீதிபதி ஊ தொப்பியைக் கழற்றிவிட்டு, சாமிக்குப் பக்கத்தில், அதே வெயிலில் மண்டியிட்டார்.

"நம்ம ரெண்டு பேர் பொறுப்புலயும் இருக்கிறது ஒரே ஊர். தப்பு என் மேலன்னா எனக்கும் இதே வெயில்தான்," என்று சாமியிடம் சொன்னார். முற்றத்தில் கூடியிருந்த ஊரே மண்டியிட்டது.

இரண்டு பகல் அப்படியே போனது. மூன்றாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. காகிதம் ஊறியது. குற்றம் கரைந்தது. முத்திரையின் சிவப்பு சாமியின் மார்பில் வழிந்து ஓட, காகிதம் தானாகவே நழுவித் தரையில் விழுந்தது. நீதிபதி நெற்றி சேற்றில் பட விழுந்து வணங்கினார். கழற்றச் சொல்லி அவர் கை மட்டும் அசைந்தது.

பாங் செங் கழற்றினான். சாமி முகத்துச் சாயமெல்லாம் ஓடியிருந்தது. துண்டு இருந்த இடம் மட்டும் நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. இருபது வருஷம் லஞ்சம் வாங்கியே பழகியவன், முதல்முறையாகக் கொடுத்தவனாகச் சாமியின் காதோரம் குனிந்தான்.

"ஐயா, அந்தத் துண்டு நம்மளுதுங்க. அம்மாவுக்கு வாய்தான் அப்படி. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

துண்டை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.