யட்டியாந்தோட்டையில் தொடங்கிய குரல்

சென்ற மாதம் ஒரு காலை, யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றபோது கைத்தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஹராரேயிலிருந்து ரூத் பேசியிருந்தார். பஸ் இரைச்சலில் முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த நிமலின் கடைக்குள் ஒதுங்கி மறுபடி கேட்டேன். தன் கணவர் ஃபராய் முந்தின நாள் மாலை காலமாகிவிட்டார் என்றும், நீங்கள் வேறு யாரிடமிருந்தும் கேள்விப்படக் கூடாது என்பதற்காக உடனே சொல்கிறேன் என்றும் அவர் நிதானமாகச் சொல்லியிருந்தார்.

நிமல் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர். சிங்களவர், ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திருவிழாக்களில் பாதி, அவர் ஒலிபெருக்கியில் பேசும் தமிழில்தான் நடக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், நம்ம பராய் மாத்தயாவா?" என்றார். ஃபராயை அவர் சிங்களத்தில் ஐயா என்பதுபோல் அப்படித்தான் அழைப்பார். ஃபராய் நோயில் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தலையசைத்தேன். பரீட்சித்துப் பார்க்க ஓடவிட்டிருந்த பாட்டை நிமல் நிறுத்தினார்.

அன்று பாடசாலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து வாளி கழுவிக்கொண்டிருந்த என் அக்கா பார்வதியிடம் சொன்னேன். "வலி இல்லாமப் போனாராமா?" என்று கேட்டாள். அப்படித்தான் ரூத் சொன்னதாகச் சொன்னேன். அதன்பிறகு அவள் நெடுநேரம் அந்த ஒரே வாளியைக் கழுவினாள்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஃபராயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சிம்பாப்வே அணிக்காகச் சில டெஸ்ட் ஆட்டங்களில் விளையாடிய வேகப் பந்துவீச்சாளர். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் அவருடைய வர்ணனையைக் கேட்டிருப்பீர்கள். இடையில் ஒரு பருவம் கொழும்புக் கிரிக்கெட் கழகம் ஒன்று அவரை ஒப்பந்தத்தில் அழைத்திருந்தது. கழகத் தலைவர் எங்கள் தோட்டக் கம்பனியிலும் பெரியவர். ஆட்டமில்லாத வாரங்களில் தோட்டத்து அணிக்குப் பயிற்சி கொடுக்கட்டும் என்று அவரை இங்கே அனுப்பிவைத்தார். ஆங்கிலம் தெரிந்தவன், அணியின் விக்கெட் காப்பாளன் என்ற இரண்டு காரணங்களால் நான் அவருக்குத் துணையானேன். இருவருக்கும் ஒரே வயது.

வந்த மறுநாள் விடியற்காலையில் விருந்தினர் பங்களாவில் அவரைக் காணோம் என்று தேடினார்கள். பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் போய் விசாரித்தபோது, ரப்பர் மரத்தைத்தான் புதிதாகப் பார்க்கிறேன், இந்த வரிசையை எனக்குத் தெரியும் என்றார். அவருடைய நாட்டின் கிழக்கு மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அவர் அம்மா அங்கே கொழுந்து பறித்தவர். அவர் பிறந்ததும் ஒரு தோட்டத்து அறையில்தான். பங்களாவில் அவர் அதிக நாள் தங்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறைக்குப் பெட்டியோடு வந்துவிட்டார். தோட்டத்தை நிர்வகித்த தொரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வெள்ளைக்காரக் கிரிக்கெட்டை விளையாடியவரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் வாரத்தில் அக்கா குரக்கன் களி, அதாவது கேழ்வரகுக் களி, கிண்டினாள். விருந்தாளிக்கு அதை வைப்பதா என்று அவருக்கு மட்டும் பாணும் பருப்பும் வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு களியைக் காட்டினார். ஒரு கவளத்தை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டவர் உடனே அடுத்ததை உருட்டினார். அவர்கள் ஊரிலும் இதே தானியம், இதே களி, பெயர்தான் சட்சா. தன் அம்மாவுடையது இதைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் என்று சொன்னார். நான் அதை மொழிபெயர்த்தது பெரிய பிசகு. அன்றிலிருந்து அக்கா கிண்டிய களியைக் கத்தியால்தான் வெட்டவேண்டியிருந்தது.

அவரைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. கரம் பலகை ஆட்டத்தில் கூசாமல் கள்ளம் செய்வார். கோயிலில் பூசை நடக்கும்போது தொணதொணவென்று கேள்வி கேட்பார். எல்பிடபிள்யூ ஒன்றைப் பற்றி என்னோடு வாதாடி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

முழங்கால் போனது எங்கள் மைதானத்தில்தான். சாதாரணப் பயிற்சி. மழைக்குப் பிந்திய ஈரத்தில் ஓடி வந்து பந்தை விடும்போது இடது கால் மடங்கியது. நிமலின் வேனில் கரவனெல்ல வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து கொழும்புக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்த நிபுணர், நடக்கலாம், இனி வேகமாகப் பந்துவீச முடியாது என்றார். கழகம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. விமானப் பயணம் செய்யும் அளவுக்குக் கால் தேறும்வரை எங்கேயாவது இருக்கவேண்டும். எங்கள் முன்னறைக்கே திரும்பி வந்தார்.

அந்த வாரங்களில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பாடு அப்படியே திரும்பி வரும். ஒருநாள் அக்கா கதவடியில் நின்று, "சாப்பிடாமக் கெடந்தா கால் சரியாயிருமான்னு கேளுடா. எனக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் படுக்கச் சொல்லு" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து, சரியாகாது என்று பதில் சொன்னார். பிறகு சாப்பிட்டார். அன்று மாலைதான் தன் முதல் டெஸ்ட் விக்கெட்டைப் பற்றிச் சொன்னார்.

அந்த ஆட்டம் நடந்த நாளில் அவர் அம்மா வேலைக்குப் போகாமல் தோட்டக் கடையில் வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தாராம். ஆங்கிலம் தெரியாது. மகனுடைய பெயர் வரும் என்று மட்டும் காத்திருந்தார். ஃபராய் விக்கெட் எடுத்தார். வர்ணனையாளர் அணியிலிருந்த இன்னொரு கறுப்பு வீரரின் பெயரைச் சொன்னார். தவறைத் திருத்தவும் இல்லை. உன் மகன் இன்று ஒன்றும் செய்யவில்லை என்று கடைக்காரர் சொல்ல, அம்மா வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள்தான் உண்மை தெரிந்தது. "எனக்கு விக்கெட் கிடைத்துவிட்டது. என் அம்மாவுக்கு அந்த நாள் திரும்பக் கிடைக்கவே இல்லை" என்றார் ஃபராய்.

நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. பால் குறைந்தால் கணக்கப்பிள்ளை 'அரைப் பேர்' என்று போடுவார். ஒரு மனுஷிக்கு எப்படிப் பாதிப் பெயரைக் கொடுப்பீர்கள் என்று ஃபராய் கேட்டார்.

தைப்பொங்கலை அடுத்து தோட்டங்களுக்கிடையிலான இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. வழக்கமாக அறிவிப்புச் செய்பவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். நிமல் ஒலிவாங்கியை ஃபராயின் கையில் கொடுத்தார். நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க, நான் தமிழ்லயும் சிங்களத்துலயும் போடுறேன் என்பது ஏற்பாடு. ஃபராய் உடனே தொடங்கவில்லை. ஊன்றுகோலோடு ஒவ்வொரு விளையாட்டுக்காரனிடமும் போய்ப் பெயர் கேட்டார். சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். அடுத்து அம்மாவின் பெயரைக் கேட்டார். பையன்கள் நெளிந்தார்கள். ஒருவன் அம்மா இல்லை, சித்திதான் வளர்த்தது என்றான். அப்படியானால் சித்தி பெயரைச் சொல் என்றார்.

ஆட்டம் தொடங்கியது. விக்கெட்டுக்குப் பின்னால் குனிந்து நின்ற நான் ஒலிபெருக்கியில், நிமலிடம் கேட்டுக்கொண்டு ஃபராயே பேசிய கரடுமுரடான தமிழைக் கேட்டேன். "லெட்சுமி மகன் மாரிமுத்து பந்து வீசுகிறார்." சனம் சிரித்தது. அடுத்த பந்துக்கும் அவர் அப்படியே சொன்னார். எனக்கு அம்மா இல்லாததால் "பார்வதி தம்பி சிவலிங்கம்" ஆனேன். எதிரணி துடுப்பாட்டக்காரர்களையும் விடவில்லை. "சோமாவதி மகன் நிஷாந்த" ஆறு ஓட்டம் அடித்தபோது அந்தப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மேட்டில் பேசிக்கொண்டிருந்த பெண்கள், தங்கள் பெயர் எப்போது வரும் என்று ஒலிபெருக்கியைப் பார்த்தபடி நின்றார்கள்.

மாரிமுத்து கிரிக்கெட்டுக்காக வேலையை விட்டு ஓடுகிறான் என்று லெட்சுமியக்கா அவனோடு பல நாளாகப் பேசுவதில்லை. மைதானத்துக்கு ஒருபோதும் வந்ததில்லை. அன்று தன் பெயரை லயத்து வீட்டு வாசலில் கேட்டு, ஏதோ விபரீதம் என்று ஓடி வந்திருக்கிறார். வந்தவர் போகவில்லை. மாரிமுத்து மூன்று விக்கெட் எடுத்தான். ஆனாலும் நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் லெட்சுமியக்கா நேரே ஃபராயிடம் வந்தார். "எம் பேர இந்த மைக்குல யாரும் சொன்னதில்லீங்க. செத்தாத்தான் சொல்லுவாங்கன்னு இருந்தேன்" என்றார். நான் மொழிபெயர்க்கத் தடுமாறினேன். நிமல்தான் செய்தார். ஃபராய் எழுந்து நிற்க முயன்றார், கால் இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றுதான் முழங்கால் போனபின் முதல் முறையாக நன்றாகத் தூங்கினார். குறட்டையால் நாங்கள் தூங்கவில்லை.

ஊருக்குப் போய் ஆறேழு மாதம் வேலையில்லாமல் அலைந்தார். ஆங்கில வானொலியில் அவர் உச்சரிப்பு சரியில்லை என்றார்கள். பிறகு ஒரு சிறிய நிலையம் ஷோனா மொழியில் வர்ணனை செய்ய இடம் கொடுத்தது. அது அவருடைய தாய்மொழி. முதல் ஆட்டம் முடிந்த அன்று எனக்குத் தொலைபேசி எடுத்து, இன்று நான் பேசியது முழுவதும் அம்மாவுக்கு விளங்கியது என்றார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரொம்ப வேகமாகப் பேசுகிறாய் என்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார். அதன்பிறகுதான் ஆங்கிலத் தொலைக்காட்சி, நாடு நாடாகப் பயணம், கோட்டும் டையும் எல்லாம். பெரிய வர்ணனையாளர்கள் அவசரத்தில் விழுங்கும் பெயர்களை அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார். 'ழ' மட்டும் கடைசிவரை வரவில்லை. என் மகள் தன் பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைத்தபோது, நோய்ப் படுக்கையிலிருந்து தொலைபேசியில் அதைச் சொல்லிப் பழகினார். வாய் உலர்ந்துவிட்டது, நாளைக்கு மறுபடி முயல்கிறேன் என்று வைத்தார். எங்கள் கடைசிப் பேச்சு அதுதான்.

இறுதிச் சடங்கு முடிந்து ஒரு வாரத்தின் பின் ரூத் மறுபடி அழைத்தார். கால் போய் எங்கள் வீட்டிலிருந்த வாரங்களைப் பற்றி ஃபராய் தன்னிடம் அதிகம் சொன்னதில்லை, அங்கே அவர் எப்படி இருந்தார் என்று கேட்டார். அக்கா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தமிழிலேயே சொல்லத் தொடங்கினாள். நான் இடையிடையே ஆங்கிலமாக்கினேன். கரம் பலகைக் கள்ளத்தைச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. "நீங்க வாங்க. வந்து எத்தன நாளு வேணும்னாலும் இருங்க" என்றாள் அக்கா. மழைக்காலம் கழிந்து ரூத் வருகிறார்.

ஃபராயிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்தேன். ஒருமுறை சிம்பாப்வே அணி இங்கே வந்தபோது என்னைக் கொழும்பு மைதானத்துக்கு அழைத்து, வர்ணனை அறையின் பின்வரிசையில் உட்காரவைத்தார். அவர் நாட்டு இளைஞன் ஒருவன், முதல் ஆட்டம், கைக்கு நேரே வந்த பிடியை நழுவவிட்டான். பக்கத்திலிருந்தவர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஃபராய் ஒலிவாங்கியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த பந்து வீசப்படும்வரை வாய் திறக்கவில்லை. தேநீர் இடைவேளையில் ஏன் என்று கேட்டேன். "விட்டவனுக்குத் தெரியும். நான் வேறு சொல்லவேண்டுமா?" என்றார்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று வாசிக்கும்போது சொல் தடுக்கும். முன்பெல்லாம் உடனே திருத்துவேன். இப்போது நான் யன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். அநேகமாக அந்தப் பிள்ளை தானாகவே திருத்திக்கொண்டு மேலே வாசிக்கிறது.