வாலுவின் சொத்தைப் பல்

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் பேருந்து ஓட்டுநர். பிரிந்து தனித்தனி வீட்டில் இருந்தாலும், 'வாலு' என்று இருவரும் செல்லமாகக் கூப்பிடும் மகளின் படிப்பையும் வைத்தியத்தையும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. பேச்செல்லாம் தாராளமாகவே நடந்தது, முடிவுதான் வரவில்லை. நீச்சல் வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று இவர்கள் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் கோடை விடுமுறையே முடிந்துபோனது.

ஒருநாள் அவன் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, பல் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"வாலுவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பால்பல்தான், பிடுங்கிடணுமாம். நீ என்ன சொல்ற? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அவளும் கேட்டுட்டுதான் இருக்கா."

'வேற டாக்டர்கிட்ட காட்டலாமே' என்று வழக்கம்போல ஆரம்பிக்க வாயெடுத்தான். அதற்குள் மகள் உற்சாகமாகக் குறுக்கிட்டாள்.

"அவசரமே இல்லப்பா! நீங்க ரெண்டு பேரும் நல்லா சண்டை போட்டு, மெதுவா முடிவு பண்ணுங்க!"

அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் வாலுவின் அம்மா சிரிப்பை அடக்குவதும் கேட்டது. அதைக் கேட்டுத்தான் எத்தனை நாளாயிற்று!

"பிடுங்கிடச் சொல்லு," என்றான்.

"எனக்கும் சம்மதம்," என்றாள்.

"இதுக்கு மட்டும் எப்படி ஒத்துப்போனீங்க?" என்று வாலு அலறினாள்.

பல் போனது. வாயில் பஞ்சு இருந்ததால் அவளால் திட்ட முடியவில்லை. விரலை நீட்டி அம்மாவோடு டூ விட்டாள். வீடியோவில் கூப்பிட்டு அப்பாவோடும்.